ஏழுமலையின் இடது பக்கம்

"சார், ஏழுமலைன்னா கம்பெனி பேரா?"

இப்படிக் கேட்டவள் நிவேதா. நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பல் லேபில், பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பை வடிவமைக்கும் கம்ப்யூட்டர் பிரிவு இப்போது அவள் கையில். மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போனால் ஒரு டீயும் கொஞ்சம் மரியாதையும் கிடைக்கும் என்பதால் போவேன். அன்றைக்குப் போனபோது திரையில் ஒரு கடைவாய்ப்பல்லை உருட்டி உருட்டிக் காட்டினாள். பல்லின் ஒரு பக்கத்தில் சிவப்புத் திட்டு.

"அண்டர்கட் சார். அதுவே கண்டுபிடிச்சு கலர் போட்டுடும். இந்த பட்டனைத் தட்டினா அதுவே அடைச்சிடும்."

தட்டினாள். அடைத்துவிட்டது. மூன்று வருடம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நான் கற்றுக்கொண்ட வேலை, ஒரு விரல் தட்டில் முடிந்துபோனது. ஒரு பெட்டியைப் பார்த்து வயிறு எரிவது எனக்கே புதிது.

பக்கத்தில் டாக்டர் அனுப்பிய குறிப்பு இருந்தது. 'பல் சாய்ந்திருக்கிறது. ஏழுமலை கேப் சேர்த்து அனுப்பவும்.'

"இந்த ஏரியா டாக்டருங்க எல்லாரும் இப்படித்தான் கேக்கறாங்க. என்ன பண்ணணும்னு தெரியும், பண்ணி அனுப்பிடுவேன். பேருதான் புரியல. ஜெர்மன் கம்பெனியா இருக்கும்னு பார்த்தா, பேரு திருப்பதி பக்கம் மாதிரி இருக்கு."

"தெரியலையேம்மா" என்றேன்.

சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. ஏழுமலையை எனக்குத் தெரியாதாம்! பதினொரு வருடம் என்னோடு வேலை பார்த்தவனை. அதில் மூன்று வருடம் என் இடது தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை. இரண்டு பிள்ளைகளும் பேரனும் வந்த பிறகும், ஓய்வூதியப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும், அந்தப் பெயரைக் கேட்டதும் நாக்கு தானாகப் பொய் சொல்கிறது என்றால் அதை எழுதித்தான் தீர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இல்லாமல் அண்டர்கட்டை எப்படிச் சமாளித்தீர்கள் என்று இளம் டெக்னீஷியன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதில்.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி வளையலை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுக்குக் கச்சிதமாக அளவெடுத்துச் செய்த வளையல் கைமுட்டியைத் தாண்டாது. முட்டியைத் தாண்டுகிற வளையல் மணிக்கட்டில் தொளதொளவென்று ஆடும். கை பரவாயில்லை, அமுக்கினால் சுருங்கும். பல் சுருங்காது. டாக்டர் செதுக்கிவிட்ட பல்லில் மேலே புடைப்பும் அதற்குக் கீழே பள்ளமும் இருந்தால், அந்தப் பள்ளம்தான் அண்டர்கட். அதற்குப் பொருந்துகிற கேப் உள்ளே இறங்காது. இறங்குகிற கேப் அடியில் இடைவெளி விடும், அங்கே சோற்றுப்பருக்கை போய் உட்காரும், ஒரே வருடத்தில் பல் சொத்தையாகிவிடும். கேப் வேலையில் பாதித் தலைவலி இதுதான்.

அப்பா ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் டர்னர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். பல் டாக்டராக ஆசைப்பட்டேன், மார்க் போதவில்லை. டென்டல் மெக்கானிக் டிப்ளமோ இரண்டு வருடம் படித்தேன், வகுப்பில் முதலாவதாக வந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் அந்த மார்க் ஷீட்டின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நான் திரிந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்பதுகளின் நடுவில் அம்பத்தூரில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். வயது இருபத்தொன்று. ஆறு மாதத்தில் அந்த லேபே என் பேச்சைக் கேட்கும் என்று நம்பினேன்.

லேப் என்றால் ஒரு வீட்டின் மாடி. ஐந்து பேர். நடத்தியவர் ரெபேக்கா மேடம். அவரே டெக்னீஷியன். தலை நரைத்த பிறகும் கேப் வடிவத்தைச் செதுக்கும் மெழுகுக் கத்தி பிடித்தவர். எங்களைத் திட்ட மாட்டார். டாக்டரிடமிருந்து ஒரு வேலை திரும்பி வந்தால், பெட்டியைத் திறப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். "சொல்லு" என்பார். நாம் சொல்லி முடிக்கும்வரை முகத்தையே பார்ப்பார். முடித்த பிறகும் பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வைக்குப் பயந்து, சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னவர்கள் உண்டு. பிறகு கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்வார். விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

டாக்டர் நோயாளியின் வாயில் அச்சுப்போல எடுத்து அனுப்பும் அளவில், இறுகினால் கல்லாகும் கல்மாவை ஊற்றி மாடல் எடுப்போம். ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு மாடல். ஒன்று வேலை செய்ய. இன்னொன்று கை படாமல், நோயாளி பெயர் எழுதிய டப்பாவில் அலமாரிக்குப் போகும். மேடம் அதற்கு வைத்த பெயர் 'சாட்சி'. வேலை மாடலில், கேப்பின் விளிம்பு வந்து நிற்க வேண்டிய இடத்தில் பல்லைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவோம். பிறகு மாடலை ஒரு அடி தள்ளிப் பிடித்து, நேர் மேலிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். சிவப்புக் கோடு சுற்றிலும் முழுசாகத் தெரிந்தால் அண்டர்கட் இல்லை. ஏதாவது ஓர் இடத்தில் கோடு மறைந்தால், அங்கே இருக்கிறது.

ஏன் ஒரு கண்? இரண்டு கண்ணும் திறந்திருந்தால், வலது கண் ஒரு பக்கக் கோட்டைப் பார்க்கும், இடது கண் மறுபக்கக் கோட்டைப் பார்க்கும். மனசு இரண்டையும் சேர்த்து 'எல்லாம் தெரிகிறது' என்று சொல்லிவிடும். இரண்டு கண் கூடிச் சொல்லும் பொய் அது. இந்தப் பழக்கம் கைவர எனக்கு நாளானது. மூடிய கண் துடிக்கும், திறந்த கண்ணில் நீர் வரும், மாடலைப் பிடித்த கை ஆடும்.

ஏழுமலை இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே பார்ப்பான். எடுப்பான், பார்ப்பான், "கீது" என்பான். அல்லது "இல்ல" என்பான். நான் அதற்கென்றே இருக்கும் கருவியை இறக்கி, செங்குத்தாகத் தொங்கும் ஊசியைப் பல்லைச் சுற்றி உரசிப் பத்து நிமிடம் சோதித்தால், அவன் சொன்னதுதான் வரும். ஒருமுறை பத்து மாடலை வரிசையாக வைத்துச் சோதித்தேன். ஒன்றிலாவது தப்பு செய்வான் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான். பத்தும் சரி.

அவன் வெள்ளானூர். நிலம் வைத்திருந்த குடும்பம். பத்தாம் வகுப்பில் தவறியவன். லேபில் மாடல் ஊற்ற ஆள் வேண்டும் என்று வந்து ஒட்டிக்கொண்டவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். சேர்ந்த முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டான்.

"இன்னா டிப்ளமோ, ஒரு கண்ண மூடிகினு யாருக்குக் கண்ணடிக்கிற? பல்லுக்கா?"

நாலு பேரும் சிரித்தார்கள். மேடம்கூட வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

அவனுக்கு உட்கார இடம் எது தெரியுமா? மேஜையின் இடது கோடி. இடப்பக்கம் சுவர், எதிரே ஜன்னல். லேபிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான். சேர்ந்த வருடமே மேடத்திடம் கேட்டேன். "அது ஏழுமலை இடம் கணேசா" என்றார். காரணம் சொல்லவில்லை.

அதைவிட எரிச்சல் அவனுடைய திமிர். அது திமிர் என்றுதான் நினைத்தேன். டீக்கடையில் பக்கத்தில் போய் நின்று டீயை நீட்டினால் கண்டுகொள்ள மாட்டான். பஸ்ஸில் அவனுக்கு இடதுபுறம் வந்து உட்கார்ந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பத்தாம் வகுப்புத் தவறியவனுக்கு இவ்வளவா என்று வீட்டில் போய் அப்பாவிடம் பொருமினேன். அப்பா லேத்தில் கூட்டாளிகளோடு வேலை செய்பவர். "ஏலே, அவன் வேலை சரியா இருக்கா இல்லையா? அதைச் சொல்லு" என்றார். அந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படியே மூன்று வருடம். பிறகு செராமிக் உலை வந்தது.

அதுவரை நாங்கள் உலோகக் கேப்தான் செய்துகொண்டிருந்தோம். முன்பல் என்றால் முகப்பில் பிளாஸ்டிக் ஒட்டுவோம், இரண்டு வருடத்தில் மஞ்சளாகிவிடும். உலோகத்தின்மேல் பீங்கான் சுடும் உலை வந்ததும், மாடியின் பின்னறையைத் தடுத்து, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி மாட்டினார் மேடம். பீங்கான் பொடிக்குத் தூசு ஆகாது. அம்பத்தூர் மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே மெழுகு உருக்குகிறவனுக்குக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் குளிர்ச்சியான ஓர் அறை இருக்கிறது என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது குளிர்ச்சி இல்லை. ஏழுமலை வெளியே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் உள்ளே இருப்பதை அவன் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும்.

மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "உங்கள்ல ஒருத்தர்தான் உள்ளே. ஏழுமலை வேலை ஒண்ணும் திரும்பி வரலை. ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மூணு மாடலை அண்டர்கட்டுன்னு திருப்பி அனுப்பிட்டான். பூந்தமல்லி டாக்டர் போன்ல கத்தறார், பேஷன்ட்டை எத்தனை தடவை கூப்பிடறதுன்னு. கணேசன் ஒண்ணையும் திருப்பி அனுப்பினதில்லை. இந்த முன்பல் பிரிட்ஜை நீ செய் கணேசா. அது வாயில சரியா உட்கார்ந்துட்டா ரூம் உனக்கு."

அந்த பிரிட்ஜ் கோதண்டத்துக்கு. ஆவடியிலிருந்து நாங்கள் வரும் பஸ்ஸின் கண்டக்டர். டிரைவர் சடன் பிரேக் போட்டதில் கம்பியில் மோதி, இடது முன்பல் போய்விட்டது. விசில் ஊதினால் காற்று சந்தில் போகும். "ரைட்" என்று ஊதினால் டிரைவர் "என்னய்யா, டயர் பஞ்சரா?" என்று கேட்பார், பஸ்ஸே சிரிக்கும். போன பல்லின் இரண்டு பக்கத்துப் பற்களையும் செதுக்கி, மூன்றையும் ஒரே துண்டாகப் பாலம் போல மாட்ட வேண்டும்.

மாடல் வந்தது. சிவப்புக் கோடு போட்டேன். கண்ணை மூடிப் பார்த்தேன். சந்துக்கு அந்தப்புறப் பல் சந்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் கோடு மறைந்துவிட்டது.

சரியான வழி, டாக்டருக்குத் திருப்பி அனுப்புவது. அனுப்பினால் நானும் ஏழுமலையும் ஒன்று. அனுப்பாமலிருந்தால்தான் அந்த அறை.

மதியம் எல்லோரும் கீழே சாப்பிடப் போனார்கள். நான் பிளேடை எடுத்தேன். கல் பல்லின் புடைப்பை மட்டும், மெதுவாகச் சுரண்டினேன். பொடி டிபன் பாக்ஸ் மூடியில் விழுந்தது. மறுபடி கண்ணை மூடிப் பார்த்தேன். சிவப்புக் கோடு சுற்றிலும் பளிச்சென்று தெரிந்தது. பிறகுதான் சாட்சி நினைவுக்கு வந்தது. அலமாரியில் ஏறி, கோதண்டம் என்று எழுதிய டப்பாவை எடுத்து, அதிலும் அதே இடத்தில் அதே அளவு சுரண்டினேன். பொடியை ஜன்னல் வழியாகத் தட்டிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட்டேன். தயிர்சாதம். அதுகூட நினைவிருக்கிறது.

நான் சுரண்டியது கல்லை. கோதண்டத்தின் வாயில் இருந்த பல் அப்படியேதான் இருந்தது. வகுப்பில் முதலாவதாக வந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். கொஞ்சம்தானே, டாக்டர் அமுக்கினால் போய்விடும் என்று நினைத்தேன். பொறாமை இருக்கிறவனுக்கு அரை மில்லிமீட்டர் பெரிய அளவாகவே தெரியாது.

நான்கு நாளில் பிரிட்ஜ் தயார். மாடலில் வெண்ணெய் போல வழுக்கி உட்கார்ந்தது. ஏழுமலை எடுத்துப் பார்த்தான். பிரிட்ஜைக் கழற்றிவிட்டு, கல்லை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தான். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினான்.

"டிப்ளமோ, இது வந்த கல்லா, செஞ்ச கல்லா?"

"என்ன சொல்றே?"

"இல்ல, வயவயன்னு கீதே. ஊத்தன கல்லு இப்டி இருக்காது. கேட்டேன்."

"உனக்குப் பொறாமை ஏழுமலை. ரூம் எனக்கு வந்துடும்னு."

அவன் சிரித்தான். "பொறாமை கீது நைனா. இல்லன்னு சொல்லல. உன் எயுத்து மேல. ஸ்லிப்பு எய்தினா முத்து முத்தா கீது. நான் எய்தினா டாக்டரே அத்த மாத்திரை சீட்டுன்னு நெனச்சிக்கிறாரு."

மாடலை வைத்துவிட்டுப் போய்விட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

பெரிய வேலை என்றால் செய்தவனே கொண்டுபோய் நாற்காலி பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது மேடம் வழக்கம். பூந்தமல்லி கிளினிக்கில் ஏழுமலைக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்ததால் இருவரும் போனோம். கோதண்டம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டைப்பையில் விசில்.

"தம்பிதான் செஞ்சுதா? நம்ம பஸ்ல வர்ற தம்பி! அப்ப டிக்கெட் கேக்கும்போது கொஞ்சம் மரியாதையாக் கேட்டிருக்கணும்."

டாக்டர் பிரிட்ஜை மாட்டினார். பாதி இறங்கி நின்றது. அமுக்கினார். நின்றது. வேறு கோணத்தில் அமுக்கினார். கோதண்டத்தின் கண்ணிலிருந்து நீர் காதுக்கு ஓடியது.

"இன்னா டாக்டர், ஷட்டர் மாறி பாதில நிக்குது?" என்றார் கோதண்டம்.

டாக்டர் பிரிட்ஜை எடுத்து மாடலில் வைத்தார். வழுக்கி உட்கார்ந்தது. வாயில் வைத்தார், நின்றது. மறுபடி மாடல், மறுபடி வாய். நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அது மாடலில் எவ்வளவு அழகாக உட்கார்ந்ததோ அவ்வளவுக்கு நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். "இந்த மாடல் இவர் வாயே இல்லை போலிருக்கே" என்றார் டாக்டர். புது அளவு எடுத்து என் கையில் கொடுத்தார். ஏழுமலை சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

கீழே இறங்கிச் சாலையைக் கடந்தோம். இடப்பக்கமிருந்து பால் கேன் கட்டிய சைக்கிள் வேகமாக வந்தது. மணியும் அடித்தது. "ஏழுமலை!" என்று கத்தினேன். அவன் திரும்பியது என் பக்கம், வலப்பக்கம். சைக்கிள் மோதி, கேன் உருண்டு, பால் தாரில் ஓடியது.

"யோவ், கண்ணு பொட்டையா?" என்றான் பால்காரன்.

"ஒண்ணு பொட்டதான் அண்ணாத்தே" என்றான் ஏழுமலை, வேட்டியைத் தட்டிக்கொண்டே. "இந்தாண்ட வந்தா தெரியாது. நீ அந்தாண்ட வந்திருக்கணும்."

பால்காரன் கேனை நிமிர்த்திக்கொண்டு போனான். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏழுமலையே சொன்னான். எட்டு வயதில் கில்லி ஆடும்போது பட்டது. பார்க்க நல்ல கண் போலத்தான் இருக்கும், உள்ளே நரம்பு போய்விட்டது. "ஆசுபத்திரில ஒரு மாசம் கட்டு போட்டாங்கோ. பிரிச்சா இருட்டு."

அவனுடைய திமிர் முழுவதும் அவனுடைய இடது பக்கம்தான். டீக்கடையில் நான் நின்றது இடது பக்கம். பஸ்ஸில் உட்கார்ந்தது இடது பக்கம். சுவரோரம் கிடைத்த ஜன்னல் இடம், யாரும் தெரியாத பக்கமிருந்து வந்து இடித்துவிடாமல் இருக்க.

இந்த இடத்தில் எனக்கு இரக்கம் பொங்கியது என்று எழுத ஆசைதான். வந்தது வேறு. 'அதானே பார்த்தேன்!' என்று நினைத்தேன். இவனுக்குக் கண்ணை மூடும் வேலையே இல்லை. எட்டு வயதிலிருந்து உலகத்தையே அண்டர்கட் பார்க்கும் விதத்தில் பார்த்து வருகிறான். நான் மூன்று வருடம் கண் துடிக்கக் கற்றது இவனுக்குக் கில்லி அடியில் கிடைத்திருக்கிறது. ஒரு கண் போனவனைப் பார்த்து, அந்தக் கண் போனதற்காகவே, நான் வயிறெரிந்தேன். இதற்குமேல் என்னைப் பற்றி நானே சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை. மேடம் மேஜையில் மூன்று மாடல்களை வரிசையாக வைத்தார். வேலை மாடல், சாட்சி, புது அளவில் ஊற்றியது. முதல் இரண்டும் ஒன்று போல. மூன்றாவதில் புடைப்பு. கைக்கடிகாரம் கழன்றது.

"ஏழுமலை, பிரிட்ஜ் போறதுக்கு முன்னாடி இந்த மாடலைப் பார்த்தியா?"

"பாக்கலீங்க மேடம்."

எனக்காகப் பொய் சொன்னான். அதைத் தாங்கவே முடியவில்லை. இவனிடம் கடன்பட்டுக்கொண்டு அந்த ஏசி அறையில் உட்காருவதா? அவன் வெளியே போனதும் என் வாய் தானாகத் திறந்தது.

"மேடம், ஒரு விஷயம். சொல்லக்கூடாதுதான். ஏழுமலைக்கு இடது கண் தெரியாது. செராமிக் நுணுக்கமான வேலை. அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மேடம் என்னைப் பார்த்தார். "தெரியும். சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டான். அதனாலதான் சுவரோரம் இடம்." முதல் இரண்டு மாடல்களையும் சேர்த்துப் பிடித்தார். "ரெண்டு மாடலும் ஒண்ணா இருக்கு. அப்ப டாக்டர் எடுத்த அளவுதான் இழுபட்டிருக்கு. நான் அவர்கிட்ட கொஞ்சம் காட்டமாவே பேசணும். நம்ம பசங்க மேல தப்பில்லைன்னு."

போனை இழுத்தார். சுழற்றும் போன். முதல் எண்ணில் விரலை விட்டார். சுற்றவில்லை. விரல் துளையிலேயே இருக்க, என்னையே பார்த்தார். அந்த இரண்டாவது பார்வை.

"அளவுல தப்பில்லை மேடம்" என்றேன். "ரெண்டையும் நான்தான் சுரண்டினேன்."

விரலை எடுத்தார்.

"ரூம் ஏழுமலைக்கு" என்றார். "கோதண்டம் வேலை இன்னும் உன் பேர்லதான் இருக்கு. முடிச்சுக் குடு." கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

புது மாடலோடு உட்கார்ந்தேன். இன்னொரு முறை டாக்டருக்கு அனுப்பி, பல்லைச் செதுக்கி, மூன்றாவது அளவு எடுத்து... கோதண்டம் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார். ஏழுமலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுடைய வலது பக்கத்தில் நான் இருக்கும்படி, பார்த்து உட்கார்ந்தான்.

"கொடு இங்க. நீ சொரண்டினது தப்பில்லடா. சொல்லாம சொரண்டினதுதான். இப்ப சொல்லிகினு சொரண்டுவோம்."

புடைப்பை நான் சுரண்டிய அதே இடத்தில் சுரண்டினான். பிறகு அந்தக் கல் பல்லின்மேல் மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒரு சின்னத் தொப்பி செய்தான். சுரண்டிய இடத்தில் மட்டும் ஜன்னல் மாதிரி வெட்டிவிட்டான்.

"இத்த வாயில மாட்டினா, டாக்டருக்கு ஜன்னல் வயியா பல்லு துருத்திகினு தெரியும். துருத்தற அளவு தேச்சா போதும், ஒயுங்கா நம்ம கல்லு மாறி ஆய்டும். பிரிட்ஜ இப்பவே செஞ்சி கூடவே அனுப்பு. ஆளு ஒரே வாட்டி வந்தா போதும்."

இது என் பாடப்புத்தகத்தில் இருந்தது. படம் போட்டு, பாகம் குறித்து, பரீட்சையில் முழு மார்க் வாங்கியிருக்கிறேன். அவன் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. 'இது ஏற்கனவே இருக்கிறதுதான்' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், தெரிந்திருந்தும் ஏன் செய்யவில்லை என்று கேட்பான்.

"ஸ்லிப்பு நீ எய்து. எனக்கு வராது."

எழுதினேன். தொப்பிக்கு ஸ்லிப்பில் 'கேப்' என்றே பெயர் போட்டு, அதை எப்படி மாட்டுவது, எவ்வளவு தேய்ப்பது, எல்லாம் முத்து முத்தாக. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இந்தக் கேப் ஏழுமலை செய்தது.' ஏன் சேர்த்தேன் தெரியுமா? இதுவும் உட்காராமல் போனால் பழி அவன்மேல் போகட்டும் என்று.

பூந்தமல்லி டாக்டர் தொப்பியை மாட்டினார். ஜன்னல் வழியாக வெள்ளையாகத் துருத்தியது. இரண்டு நிமிடம் தேய்த்தார். தொப்பியை எடுத்தார், என் பிரிட்ஜை வைத்தார். 'டக்.' அந்தச் சத்தம் கேட்கத்தானே எங்கள் பிழைப்பே. கோதண்டம் நாற்காலியிலேயே விசிலை எடுத்து ஊதினார். கீழே மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த வாரம் அதே டாக்டரிடமிருந்து ஒரு சாய்ந்த பல் வந்தது. கூட ஒரு குறிப்பு: 'போன தடவை மாதிரி ஏழுமலை கேப் ஒன்று சேர்த்து அனுப்பவும்.' அவர் தன் நண்பரான திருமழிசை டாக்டரிடம் சொன்னார். அவர் இன்னொருவரிடம். தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை அதற்கு அதுவே பெயர். ஏழுமலை கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் எட்டு வருடம் பீங்கான் சுட்டான். பிறகு பாரிவாக்கத்தில் சொந்தமாக லேப் போட்டான். நான் ஓய்வுபெறும்வரை வெளியே மேஜையில்தான். அவன் போன பிறகு அந்தச் சுவரோர இடம் எனக்குக் கிடைத்தது. வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, நேற்று மறுபடி லேபுக்குப் போனேன். நிவேதா திரையில் வேறொரு பல்லைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

"சார், ஸ்க்ரீனுக்கு எதுக்கு சார் கண்ணை மூடறீங்க? அதுவே ஒத்தைக் கண்ணாலதான் பார்க்குது."

பார்த்தால் ஆமாம். அந்தப் பெட்டியும் ஏழுமலையாகவே பிறந்திருக்கிறது.

"நிவேதா, அன்னைக்குக் கேட்டியே, ஏழுமலை. அது கம்பெனி இல்லை, ஆள். என்கூட வேலை பார்த்தவன். என்னைவிட நல்லா வேலை தெரிஞ்சவன்." கடைசி வாக்கியம் வெளியே வர முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது.

"அப்படியா! அவர் பேரை யாரு சார் அதுக்கு வெச்சது?"

"நான்தான். ஸ்லிப்புல முதல்ல எழுதினது நான்."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். கண்ணெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கூட வேலை செஞ்சவர் பேரை நீங்களே வெச்சீங்களா? அவர் மேல அவ்வளவு மரியாதையா சார் உங்களுக்கு?"

"இல்லம்மா" என்றேன். "அவ்வளவு பொறாமை."